ஐந்து வாக்கியக் கடிதமும் 608 மேற்கோள்களும்

1980 ஆம் ஆண்டு ஜனவரி 10 ஆம் திகதி வெளியான ‘நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒவ் மெடிசின்’ என்னும் அமெரிக்க மருத்துவ வார இதழின் ‘ஆசிரியருக்குக் கடிதங்கள்’ பகுதியில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதம் ஒன்று இடம்பெற்றது. எழுதியவர்கள் பொஸ்டன் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஜேன் போர்ட்டர், ஹேர்ஷல் ஜிக் ஆகிய இருவர். வைத்தியசாலைகளில் தங்கிச் சிகிச்சை பெற்ற 39,946 நோயாளரின் பதிவுகளைத் தாம் ஆராய்ந்ததாகவும், அவர்களுள் 11,882 பேருக்கு ஒருமுறையேனும் அபின் வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்டதாகவும், முன்பு போதைப் பழக்கம் இல்லாதிருந்து அம்மருந்துக்கு அடிமையானவர்கள் என ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கவர்கள் நால்வரே எனவும் அவர்கள் தெரிவித்திருந்தனர். மருந்து எவ்வளவு காலம் கொடுக்கப்பட்டது, எந்த அளவிற் கொடுக்கப்பட்டது, வீடு திரும்பிய பின்னர் அந்நோயாளருக்கு என்ன நேர்ந்தது என்ற விபரங்கள் எவையும் அதில் இல்லை. அது ஒரு கடிதம். ஆய்வுக் கட்டுரை அன்று.

அடுத்த 37 ஆண்டுகளில் அந்த ஐந்து வாக்கியங்கள் 608 ஆய்வு வெளியீடுகளில் மேற்கோளாகக் காட்டப்பட்டன. அதன் விளைவு என்ன என்பதைப் பின்னர் கூறுகிறேன். ஓர் எழுத்து எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது என்று எண்ணுகின்ற வழக்கம் எங்கிருந்து வந்தது, யார் தொடங்கினார், எதற்காகத் தொடங்கினார் என்பதை முதலிற் பார்க்க வேண்டும். ஏனெனில், தொடங்கிய நோக்கம் வேறு, இன்று நடப்பது வேறு.

இக்கதை விஞ்ஞானத்தில் ஆரம்பிக்கவில்லை. நீதிமன்றத்திலே ஆரம்பித்தது.

ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் வழக்கறிஞர் ஒருவர் முன்தீர்ப்பு ஒன்றை ஆதாரமாகக் காட்டி வாதிடுவது வழமை. ஆனால் அத்தீர்ப்பு இன்னமும் செல்லுபடியாகுமா, பின்னர் வந்த மேல் நீதிமன்றம் எதுவும் அதனை மறுத்துவிட்டதா என்பதை அறியாமல் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பினர் ஒரே வார்த்தையில் அவரை இருத்திவிடுவர். கொழும்பு புதுக்கடைச் சட்டத்தரணிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தீர்ப்புத் தொகுதிகள் குவிந்துகொண்டிருந்த காலத்தில், 1873 ஆம் ஆண்டு, இலினோய் மாநிலத்தின் சிக்காகோ நகரில் பிராங் ஷெப்பர்ட் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு தீர்ப்பைப் பின்வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்ற விபரத்தைச் சிறு தாள்களில் அச்சிட்டு, பின்புறம் பசை தடவி விற்றார். சட்டத்தரணி தமது நூலகத்தில் உள்ள தீர்ப்புத் தொகுதியைத் திறந்து, உரிய தீர்ப்பின் ஓரத்தில் அத்தாளை ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். பின்னர் அவை தனி நூல்களாகவே வரத் தொடங்கின. உறுதிசெய்யப்பட்டது, வேறுபடுத்தப்பட்டது, புறந்தள்ளப்பட்டது என்பனவற்றைக் குறிக்க ஒவ்வோர் எழுத்துக் குறியீடும் ஏற்பட்டது. அமெரிக்கச் சட்டத்தரணிகளின் பேச்சில் அவருடைய பெயர் ஒரு வினைச்சொல்லாகவே மாறிவிட்டது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஷெப்பர்டின் தாள் வெறும் எண்ணிக்கையைச் சொல்லவில்லை. எடுத்தாண்டவர் ஏற்றாரா, மறுத்தாரா என்பதையும் சேர்த்துச் சொன்னது. நூறு நீதிமன்றங்கள் எடுத்தாண்ட தீர்ப்பாயினும், நூற்றோராவது நீதிமன்றம் அதனைத் தள்ளிவிட்டால் அதன் ஆயுள் அத்துடன் முடிந்தது.

விஞ்ஞான உலகில் மேற்கோள்களை எண்ணிப் பார்த்த ஆரம்பகால முயற்சிகளுள் பெரிதும் பேசப்படுவது 1927 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த குறோஸ், குறோஸ் என்னும் இருவர் வெளியிட்ட கட்டுரை. சிறிய கல்லூரி, நூலகத்துக்கு ஒதுக்கும் பணமும் சிறிது, எந்த இரசாயன இதழ்களுக்குச் சந்தா கட்டுவது என்பதுதான் அவர்களுடைய பிரச்சினை. அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் இதழில் 1926 ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரைகளின் அடிக்குறிப்புகளை எடுத்து, அவற்றிலிருந்த 3,633 மேற்கோள்களை எந்தெந்த இதழிலிருந்து வந்தவை எனக் கணக்கிட்டனர். ஜேர்மன் மொழி இதழ்களின் செல்வாக்கு அதில் நன்கு வெளிப்பட்டது. இரசாயனம் படிக்கும் மாணவன் ஜேர்மன் மொழியும் கற்க வேண்டும் என்ற முடிவுக்கு அது ஆதாரமாயிற்று. நூலகத்துக்கு இதழ் தெரிவு செய்ய ஒரு கணக்கு. அவ்வளவுதான். எவருடைய பதவி உயர்வையும் அதைக்கொண்டு தீர்மானிக்க அவர்கள் எண்ணவில்லை.

இந்த இரண்டு ஓடைகளையும் ஒன்றாக்கியவர் யூஜின் கார்பீல்ட். 1925 இல் நியூயோர்க்கில் பிறந்தவர், இரசாயனம் படித்தவர். 1951 இல் பால்டிமோரில் உள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வெல்ச் மருத்துவ நூலகத்தில், மருத்துவக் கட்டுரைகளை இயந்திரங்களின் உதவியுடன் அட்டவணைப்படுத்தும் திட்டமொன்றிற் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஆய்வுக் கட்டுரைகள் வெள்ளம்போல் வந்துகொண்டிருந்த காலம் அது. பொருள்வாரியாக அட்டவணை தயாரிப்பதற்கு ஒவ்வொரு கட்டுரையையும் ஒருவர் வாசித்து, இது எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று தீர்மானிக்க வேண்டும். அவர் இடும் தலைப்பும் தேடி வருபவரின் மனத்தில் உள்ள சொல்லும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெட்டுத்துணுக்குக் கோப்புகளுடன் மாரடித்த எந்தப் பத்திரிகை அலுவலகத்தாருக்கும் இந்தத் துன்பம் புரியும். ‘மீன்பிடி’ என்ற கோப்பிற் தேடியது ‘கடல் எல்லை’ என்ற கோப்பில் உறங்கிக்கொண்டிருக்கும்.

1953 இல் அத்திட்டம் பற்றிய செய்தியை வாசித்த வில்லியம் அடயர் என்ற ஓய்வுபெற்ற மனிதர் ஒரு கடிதம் எழுதினார். ஷெப்பர்டின் நிறுவனத்தில் உப தலைவராக இருந்தவர் அவர். சட்டத்துறையில் நாங்கள் செய்வதை விஞ்ஞானத்திலும் செய்யலாமே என்பதுதான் கடிதத்தின் சாரம். கார்பீல்டுக்கு வழி புலப்பட்டது. ஒரு கட்டுரையை எழுதுபவரே தமது அடிக்குறிப்புகள் மூலம் தமக்கு முன் வந்த கட்டுரைகளோடு உறவு சொல்லிவிடுகிறார். தலைப்பிடுவதற்கு இன்னொருவர் எதற்கு? அந்த உறவுகளைத் தொகுத்து, ஒரு பழைய கட்டுரையின் பெயரைத் தேடினால் அதை எடுத்தாண்ட புதிய கட்டுரைகள் அனைத்தும் கிடைக்கும்படி செய்தால் போதும்.

1955 ஆம் ஆண்டு ஜூலை 15 ஆம் திகதி ‘சயன்ஸ்’ இதழில் அவர் இந்த யோசனையைக் கட்டுரையாக வெளியிட்டார். அதன் தொடக்கத்திலேயே அவர் சொல்லும் காரணம் என் கவனத்தை ஈர்த்தது. மோசடியான, அரைகுறையான, காலாவதியான தகவல்களை ஆராய்ச்சியாளர் கேள்வியின்றி மேற்கோள் காட்டுவதை ஒழிக்க உதவும் ஏற்பாடு என்றே தமது சுட்டியை அவர் அறிமுகப்படுத்தினார். ஒரு கட்டுரையை ஆதாரமாகக் கொள்ளும் முன், அதனைப் பின்னர் யாராவது கண்டித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பார்க்க ஒரு வசதி வேண்டும். இதுதான் மூல நோக்கம்.

யோசனை நல்லது, காசு கொடுக்க ஆள் இல்லை. மரபணுவியலில் 1958 இல் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பேர்க், அந்த யோசனை என்னவாயிற்று என்று 1959 இல் எழுதிக் கேட்டார். அவருடைய ஆலோசனையோடு அமெரிக்க அரசின் நிதியுதவி கிடைத்தது. மரபணுவியலுக்கென ஒரு சுட்டி 1963 இல் வந்தது. நியூ ஜேர்சியில் முன்னர் கோழிக்கூடாக இருந்த ஒரு கட்டடத்திற் தொழில் தொடங்கிய கார்பீல்ட், 1960 அளவில் பிலடெல்பியாவில் ‘விஞ்ஞானத் தகவல் நிறுவனம்’ என்ற பெயருடன் நிலைகொண்டிருந்தார். விஞ்ஞானம் முழுவதுக்குமான சுட்டிக்கு அரசு மேலும் பணம் தர மறுத்தபோது சொந்தத் துணிவில் அவரே இறங்கினார். 1961 ஆம் ஆண்டுக்குரிய ‘விஞ்ஞான மேற்கோள் சுட்டி’ 613 இதழ்களையும் 14 இலட்சம் மேற்கோள்களையும் உள்ளடக்கிய ஐந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் தயாரான சரக்கு அது.

நம்மவர் ஒருவரை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். சீர்காழியில் 1892 இற் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன், நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தவர் (1931). வாசிப்பவரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்றின் கருத்து. கார்பீல்ட் 1984 இல் அவருக்கு அஞ்சலியாகத் தமது வார வெளியீட்டில் விரிவான கட்டுரை எழுதினார். இருவருக்கும் பொதுவாயிருந்த அக்கறை வாசகர்மீது கொண்ட அக்கறை. மேற்கோள் சுட்டி பிறந்தது நூலகத்திலேயே என்பதைப் பிற்காலத்துப் பேராசிரியர்கள் மறந்துவிட்டார்கள்.

மறக்கச் செய்தது ‘தாக்கக் காரணி’ என்ற ஓர் எண். சுட்டியில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று தெரிவு செய்வதற்காகக் கார்பீல்டும் அவருடைய சகாவான ஏர்விங் ஷெர் என்பவரும் 1960 களின் ஆரம்பத்தில் உருவாக்கிய கணக்கு இது. மேற்கோள்களின் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் பெரிய இதழ்களே எப்போதும் முன்னிற்கும். சிறிய, தரமான இதழ் விடுபட்டுப்போகும். ஆகவே சராசரி எடுத்தனர். ஓர் இதழ் முன்னைய இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரைகள் வெளியிட்டு, அவை இவ்வாண்டில் 200 தடவை மேற்கோள் காட்டப்பட்டால் அதன் தாக்கக் காரணி 2. இதைவிட எளிய கணக்கு வேறில்லை. 1970 களின் நடுப்பகுதியிலிருந்து இதழ்வாரியான அறிக்கைகள் ஆண்டுதோறும் வரத் தொடங்கின. நூலகர்களுக்கென வந்த அறிக்கை, மெல்ல மெல்லப் பல்கலைக்கழக நிருவாகிகளின் மேசைக்குப் போயிற்று.

நிருவாகிகள் வாசிக்க விரும்புவதில்லை, எண்ண விரும்புகிறார்கள். ஒருவர் எழுதிய பத்துக் கட்டுரைகளையும் வாசித்து மதிப்பிடுவதிலும் பார்க்க, அவை வெளிவந்த இதழ்களின் தாக்கக் காரணியைக் கூட்டிப் பார்ப்பது இலகு. இதிலுள்ள தவறை 1997 இல் நோர்வே நாட்டு ஆய்வாளர் பேர் செக்லன் பிரித்தானிய மருத்துவ இதழில் எடுத்துக்காட்டினார். ஓர் இதழின் மேற்கோள்களுள் பாதியை அதிற் வெளிவரும் கட்டுரைகளுள் 15 சதவீதமே ஈட்டித் தருகின்றன. மற்றவை அந்தப் புகழின் நிழலில் நிற்கின்றன. வகுப்பின் சராசரிப் புள்ளியைப் பார்த்து ஒரு மாணவனுக்குப் பரிசு கொடுப்பதைப் போன்றது இது.

தனிக் கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கையாவது அதன் பெருமையைச் சொல்லுமா என்றால், அதுவும் ஐயத்துக்குரியதே. கார்பீல்டின் சுட்டியின் வழிவந்த தரவுகளைக் கொண்டு ‘நேச்சர்’ இதழ் 2014 இல் ஒரு பட்டியல் தயாரித்தது. முதலிடம் பெற்றது ஒலிவர் லௌரியும் சகாக்களும் 1951 இல் வெளியிட்ட கட்டுரை. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். கரைசல் ஒன்றிற் புரதம் எவ்வளவு இருக்கிறது என அளக்கும் முறையை விளக்குவது அது. ஆய்வுகூடத்தில் அம்முறையைக் கையாண்டவர்கள் எல்லோரும் அதைக் குறிப்பிட வேண்டியிருந்தது. அதனால் வந்த தொகை. அது பெரிய கட்டுரை அன்று என்று லௌரியே சொல்லியிருக்கிறார். மரபணுவின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953 ஆம் ஆண்டுக் கட்டுரை முதல் நூறு இடங்களுக்குள்ளேயே வரவில்லை.

ஆயினும் எண்கள் பெருகின. 2004 இல் கூகிள் நிறுவனம் ஆய்வுக் கட்டுரைகளுக்கெனத் தனித் தேடுபொறி அமைத்தது. (அந்நிறுவனத்தின் நிறுவுநர்கள் 1998 இல் தமது தேடல் முறையை விளக்கி எழுதிய அறிக்கையிலும் கார்பீல்டின் பெயர் மேற்கோளில் உண்டு, இணையப் பக்கம் ஒன்றுக்கு மற்றப் பக்கங்கள் இடும் இணைப்பை அவர்கள் மேற்கோளாகவே கருதினர்.) மறு ஆண்டு கலிபோர்னியாவின் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹேர்ஷ் ஒரு மனிதரின் ஆய்வு வாழ்வு முழுவதையும் ஒரே எண்ணுக்குள் அடக்கும் ‘எச் சுட்டெண்ணை’ முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 தடவையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச் சுட்டெண் 20. கார்பீல்டின் நிறுவனமோ 1992 இல் தொம்சன் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2016 இலிருந்து கிளாரிவேட் என்ற பெயரில் இயங்குகிறது.

எண்ணுக்குப் பதவியும் பணமும் கிடைக்கும் என்றானதும் மனிதர் எண்ணை உற்பத்தி செய்யக் கற்றனர். ஓர் இதழின் ஆசிரியர் தமக்கு வரும் கட்டுரைகளில் தமது இதழின் பழைய கட்டுரைகளைச் சேர்க்கும்படி கேட்பது, இரண்டு மூன்று இதழ்கள் கூட்டுச் சேர்ந்து ஒன்றையொன்று மேற்கோள் காட்டுவது எனப் பல உத்திகள். இவ்வாறு ஒன்றுக்கொன்று முதுகு சொறிந்தமைக்காக 2013 இல் பிரேசில் நாட்டு இதழ்கள் நான்கு தாக்கக் காரணிப் பட்டியலிலிருந்து இடைநிறுத்தப்பட்டன. 2012 டிசெம்பரில் சான் பிரான்சிஸ்கோவிற் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்கள், தனி ஆய்வாளரை மதிப்பிட இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தலாகாது எனப் பிரகடனம் செய்தனர். சுட்டியில் இடம்பெறும் கட்டுரைகளுக்குப் பணப்பரிசு வழங்கி வந்த சீனாவிலேயே, அவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்த 2020 பெப்ரவரியில் அரசு அறிவுறுத்தல் வெளியிட்டது. கார்பீல்ட் தமது முதுமையில், தாக்கக் காரணி அணுசக்தியைப் போல் நன்மையும் தீமையும் கலந்த ஒன்றாகிவிட்டது என்ற கருத்தைத் தெரிவித்தார். 2017 இல் அவர் காலமானார்.

எமது பல்கலைக்கழகங்களிலும் பதவி உயர்வுப் புள்ளித் திட்டங்களில், சுட்டிகளில் இடம்பெற்ற இதழ்களுக்குத் தனி மதிப்பு உண்டு. பெரும்பாலும் ஆங்கில இதழ்களே அத்தகைய சுட்டிகளில் உள்ளன. தமிழில் எழுதப்படும் ஆய்வு, அது எத்துணை ஆழமானதாயினும், அந்தக் கணக்கிற் கிட்டத்தட்ட இல்லாத ஒன்றே. தமிழர் வரலாற்றைப் பற்றித் தமிழில் எழுதினால் எண்ணப்படாது. ஆங்கிலத்தில் எழுதினால் எண்ணப்படும். இளம் விரிவுரையாளர் எதைத் தெரிவு செய்வார் என்று ஊகிப்பது கடினமன்று. அவரைக் குறை கூறவும் மாட்டேன்.

இனி, எண்ணப்படும் மேற்கோள்கள் உண்மையில் வாசிக்கப்பட்டவைதானா என்ற கேள்விக்கு வருவோம்.

2003 அளவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சிம்கின், ரோய்சௌத்ரி ஆகிய இருவர் வேடிக்கையான ஆராய்ச்சி ஒன்றைச் செய்தனர். பிரசித்தி பெற்ற பௌதிகக் கட்டுரை ஒன்று ஏறத்தாழ 4,300 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. அவற்றுள் 196 மேற்கோள்களில் தொகுதி எண், பக்க எண், ஆண்டு ஆகியவற்றில் ஏதாவது அச்சுப்பிழை இருந்தது. ஆளுக்காள் தவறியிருந்தால் பிழைகள் வெவ்வேறாக இருக்க வேண்டும். ஆனால் 45 வகையான பிழைகளே இருந்தன. பக்க எண்ணிற் காணப்பட்ட ஒரே பிழை 78 தடவை அப்படியே திரும்பத் திரும்ப வந்திருந்தது. அதாவது, மூலக் கட்டுரையைக் கையில் எடுக்காமல், இன்னொருவரின் பட்டியலிலிருந்து பலர் பிரதி செய்திருக்கிறார்கள். இதை அடிப்படையாக வைத்து, மேற்கோள் காட்டுவோருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே மூலத்தை வாசிக்கின்றனர் என அவர்கள் மதிப்பிட்டனர். அந்த ஐந்தில் ஒன்று என்ற மதிப்பீட்டை நான் அப்படியே ஏற்கமாட்டேன்; நூற்பட்டியலைப் பிரதி செய்தவர் கட்டுரையை வாசிக்கவேயில்லை என்று கொள்ள முடியாது. ஆனால் 78 என்பது மதிப்பீடு அன்று, கண்ணாற் கண்டது.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோருக்கு இது புதுமையாக இருந்திராது. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை இரண்டும் ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை என்று கொள்வது பதிப்பாசிரியர் அறிந்த முறை. பத்து ஏடு சொன்னாலும் அது ஒரு சாட்சியே.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. ஈய எழுத்துகளால் அச்சுக்கோத்த காலத்தில், செய்தி மேசையில் உதவி ஆசிரியனாக இருந்தபோது, ஊர்ப் பெரியவர் ஒருவரின் மறைவுச் செய்தியை எழுத நேர்ந்தது. பிறந்த ஆண்டு தெரியவில்லை. கோப்பிலிருந்த வெட்டுத்துணுக்குகளைப் பார்த்தேன். மூன்று வெவ்வேறு ஆண்டுகளில், இரண்டு வெவ்வேறு பத்திரிகைகளில் வந்த மூன்று துணுக்குகளும் ஒரே ஆண்டையே கூறின. மூன்று சான்றுகள்! திருப்தியோடு எழுதினேன். மறுநாள் அவருடைய மகன் பிறப்புச் சான்றிதழுடன் வந்து நின்றார். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இடம் மாறியிருந்தன. பிழை எங்கே தொடங்கியது என்று தேடினேன். முதலாவது துணுக்கில் அச்சுக்கோப்பவர் இலக்கங்களை மாற்றிக் கோத்திருக்க வேண்டும். மற்ற இரண்டும் அதைப் பார்த்து எழுதியவை. அந்த முதலாவது துணுக்கு, சில வருடங்களுக்கு முன்னர் நானே எழுதிய பாராட்டுக் குறிப்பு. என் பிழையை எனக்கே ஆதாரமாகக் காட்டியிருக்கிறேன். மகன் கோபிக்கவில்லை. “தம்பி, அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்” என்றார். அதுதான் அதிகம் சுட்டது.

இல்லாத ஒன்றையே பலர் மேற்கோள் காட்டிய கதையும் உண்டு. கட்டுரையாளருக்கான வழிகாட்டியில், நூற்பட்டியல் எப்படி அமைய வேண்டும் என்று காட்ட ஒரு பதிப்பகம் கற்பனைக் கட்டுரை ஒன்றின் பெயரை மாதிரியாகக் கொடுத்திருந்தது. விஞ்ஞானக் கட்டுரை எழுதும் கலை பற்றியது, ஆண்டு 2000, இதழின் பெயரும் கற்பனை. அந்தக் கட்டுரை உண்மையான ஆய்வுகளில் ஏறத்தாழ 400 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருப்பது 2017 இல் வெளிச்சத்துக்கு வந்தது. மாதிரியை அழிக்க மறந்த கவனக்குறைவே பெரும்பாலான இடங்களில் காரணம். ஆனாலும் கட்டுரையாளர், மதிப்பீட்டாளர், இதழாசிரியர் என எத்தனை கண்களை அது கடந்திருக்கிறது! 2023 இல் நியூயோர்க்கில் செயற்கை நுண்ணறிவு உரையாடற் செயலி புனைந்து கொடுத்த, நடக்கவேயில்லாத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்திற் சமர்ப்பித்தமைக்காகச் சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஷெப்பர்டின் நாட்டில், ஷெப்பர்டுக்கு 150 ஆண்டுகளின் பின்னர்.

இவற்றால் யாரும் சாகவில்லை. 1980 ஆம் ஆண்டுக் கடிதத்தின் கதை அப்படியன்று.

அபின் வகை மருந்துகளைப் புற்றுநோயின் இறுதிக்கட்டத்துக்கும் சத்திரசிகிச்சைக்குப் பின்வரும் வலிக்கும் மட்டுமே அமெரிக்க மருத்துவர்கள் எச்சரிக்கையுடன் கொடுத்து வந்த காலம் ஒன்று இருந்தது. நாட்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும்கூட அவற்றைக் கொடுக்கலாம், நோயாளரை வலியில் வாட விடுவது கொடுமை என்ற கருத்து 1980 களில் வலுப்பெற்றது. அதில் மனிதாபிமானமும் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் மருத்துவர்களின் அச்சம் ஒன்று குறுக்கே நின்றது: நோயாளர் அடிமையாகிவிட்டால்? அந்த அச்சத்தைப் போக்க ஆதாரம் தேவைப்பட்டது. 11,882 பேரில் நால்வர் என்ற கணக்கு வாகாகக் கிடைத்தது.

கடிதம் கைமாறக் கைமாற வளர்ந்தது. 1990 இல் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழிற் வந்த கட்டுரையில் அது விரிவான ஆய்வு ஆயிற்று. 2001 இல் ‘டைம்’ சஞ்சிகையில் மைல்கல் ஆய்வு என்ற தகுதியைப் பெற்றது. பத்திரிகைக்காரர்களாகிய எமது பங்கும் இதிற் குறைவில்லை. இடையில், 1996 இல், பேர்டியூ நிறுவனத்தின் ஒக்சிகொன்டின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. கடிதத்தை மேற்கோள் காட்டுவோர் தொகை அக்காலத்தையொட்டியே வெகுவாக அதிகரித்தது. வைத்தியசாலையில் சில நாள் தங்கியவர்களைப் பற்றிய கணக்கு, வீட்டில் மாதக்கணக்காக மாத்திரை விழுங்குவோருக்குப் பாதுகாப்புப் பத்திரமாயிற்று.

கனடாவின் ரொறன்ரோ நகரை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள் சிலர், கார்பீல்டின் சுட்டியின் இன்றைய வடிவத்தைத் திறந்து, அக்கடிதத்தை எடுத்தாண்ட வெளியீடுகள் அனைத்தையும் தேடி எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தனர். முடிவு 2017 ஜூன் மாதத்தில் அதே நியூ இங்கிலண்ட் இதழில், அதுவும் ஒரு கடிதமாகவே, வெளிவந்தது. மொத்தம் 608 மேற்கோள்கள். அதே காலத்தில் அதே இதழில் வந்த மற்றைய கடிதங்களுக்குக் கிடைத்த மேற்கோள்களின் இடைநிலை எண் 11. 608 இல் 439, அதாவது 72.2 சதவீதம், அடிமையாதல் அரிது என்பதற்கு ஆதாரமாக அக்கடிதத்தைக் காட்டின. அந்நோயாளர் வைத்தியசாலையில் தங்கியிருந்தவர்கள் என்ற அடிப்படை உண்மையை 491 வெளியீடுகள், அதாவது 80.8 சதவீதம், குறிப்பிடவேயில்லை. ஐந்து வாக்கியங்களை வாசிக்க ஒரு நிமிடம் போதும்.

ஒக்சிகொன்டினின் அடிமைப்படுத்தும் ஆபத்தைத் திரித்துக் கூறியதாக 2007 இல் பேர்டியூவுடன் தொடர்புடைய நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றது. 60 கோடி டொலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. 1999 முதல் 2021 வரை ஐக்கிய அமெரிக்காவில் அபின் வகைப் பொருட்களை அளவு மீறி உட்கொண்டதால் இறந்தோர் தொகை, சட்டவிரோதப் போதைப்பொருட்களால் நேர்ந்த மரணங்களையும் சேர்த்து, ஏறத்தாழ 6 இலட்சத்து 45 ஆயிரம். அத்தனை மரணங்களையும் ஒரு கடிதத்தின் தலையிற் சுமத்துவது நியாயமன்று. வியாபாரிகளின் பேராசை, மேற்பார்வை அதிகாரிகளின் அயர்ச்சி, பின்னாளில் வந்த ஹெரோயினும் பென்டனிலும் எனக் காரணங்கள் பல. ஆனால் தயங்கிய மருத்துவரின் தயக்கத்தைத் தீர்த்த பொருட்களுள் அக்கடிதமும் ஒன்று. ஹேர்ஷல் ஜிக் 2017 இல், மருந்து நிறுவனங்கள் தமது கடிதத்தை ஒரு சாட்டாகப் பயன்படுத்தியதை எண்ணி வெட்கித்து நிற்பதாகச் செய்தியாளரிடம் கூறினார். அவர் பொய் எழுதவில்லை. எழுதியது அத்தனையும் சரியே.

608 என்ற எண்ணை மட்டும் பார்க்கும் நிருவாகிக்கு அது மாபெரும் ஆய்வு. அதே எண்ணுக்குப் பின்னால் உள்ள 608 வெளியீடுகளையும் எடுத்து வாசித்தவர்களுக்குத்தான் நடந்தது தெரிந்தது. கார்பீல்ட் 1955 இல் கேட்டது இந்த இரண்டாவது வேலைக்கான வசதியையே. அவருடைய கருவிதான் குற்றத்தையும் கண்டுபிடித்தது. 62 ஆண்டுகள் பிந்தி.

2017 இல் நியூ இங்கிலண்ட் இதழின் ஆசிரியர்கள் அந்தப் பழைய கடிதத்துடன் ஒரு குறிப்பை இணைத்தனர். அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாக இக்கடிதம் ஆராயாமலே பெருமளவில் எடுத்தாளப்பட்டிருக்கிறது என்பதைப் பொதுமக்களின் சுகாதாரத்தை முன்னிட்டு வாசகர் அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். இன்று அவ்விதழின் இணையத்தளத்தில் கடிதத்தைத் திறப்பவர் அக்குறிப்பையும் சேர்த்தே காண்பார். 1873 இல் சிக்காகோவில் பிராங் ஷெப்பர்ட் பசை தடவி விற்ற தாளும் இத்தகைய குறிப்பையே தாங்கியிருந்தது.